தப்பு நடந்த அன்று என்ன செய்கிறீர்கள்? சொல் எடுபட விரும்பும் மேற்பார்வையாளர்களுக்கு

ஒரு மேற்பார்வையாளரின் சொல் ஆட்களிடம் எடுபடுமா என்பது மீட்டிங்கில் அவர் பேசும் பேச்சில் முடிவாவதில்லை. அதற்குப் பல நாள் முன்பே, யாரோ ஒருத்தர் "அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று வந்து நின்றபோது அவர் முகம் எப்படி மாறியது, வாயிலிருந்து முதலில் என்ன வந்தது என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. அன்றைக்குக் கத்தியவர் நாளைக்கு எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும் ஆட்கள் தலையாட்டுவார்கள், செய்ய மாட்டார்கள். அதனால் இந்தக் கையேடு தப்பிலிருந்து தொடங்கிப் பேச்சுக்கு வருகிறது.

கங்கைகொண்டான் சிப்காட்டில் லைன் சூப்பர்வைசர், வண்ணார்பேட்டை ஜவுளிக் கடையில் செக்‌ஷன் பொறுப்பாளர், அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலையில் போர்மேன், பனகுடி, ராதாபுரம் காற்றாலைகளில் டீம் லீடர் என்று நெல்லைச் சீமையில் இந்த வேலை பார்ப்பவர்களுக்குப் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. இருபத்தைந்து வயதில் டிப்ளமோ முடித்து வந்தவருக்குக் கீழே ஐம்பது வயது மூத்த கை இருப்பார். அவர் ஒருவேளை சொந்தக்காரராகவும் இருப்பார், அல்லது அடுத்த தெருக்காரர். வேலையிடத்தில் திட்டிய திட்டு சாயங்காலம் ஊர் டீக்கடைக்கு வந்துவிடும். இங்கே அதிகாரத்தை மட்டும் நம்பி ஆள் நடத்த முடியாது.

முதல் பத்து நிமிடம்

தப்பைச் சொல்ல வந்தவரிடம் முதல் வாக்கியம் கேள்வியாக இருக்கக் கூடாது. "சொன்னது நல்லதாப் போச்சு" என்று தொடங்குங்கள். அவர் சொல்லாமலே மறைத்திருக்கலாம். சொல்ல வந்ததற்கு உடனே கிடைக்கும் பலன் அந்த ஒரு வாக்கியம்தான். டொயோட்டா ஆலைகளில் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். கோளாறு அந்த இடத்தில் சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும். கயிறு இழுத்தவரிடம் மேலாள் ஓடி வருவது உதவுவதற்கு. திட்டுவதற்கு ஓடி வந்தால் அடுத்த வாரம் முதல் கயிற்றில் யார் கையும் படாது. உங்கள் இடத்தில் கயிறு இல்லை, உங்கள் முகம்தான் அந்தக் கயிறு.

அடுத்து, இந்த வரிசையில் கேளுங்கள்:

1. "யாருக்கும் அடி கிடி பட்டிருக்கா?"
2. "இப்ப ஓடிக்கிட்டிருக்கா, நிறுத்தியாச்சா?"
3. "எதுவரைக்கும் போயிருக்கு? எந்த லாட், எந்த பில், எந்த வண்டி?"
4. "இப்ப உடனே என்ன செஞ்சா மேற்கொண்டு பரவாது?"

யார் செய்தது என்பது இந்த நான்கில் இல்லை. அதைக் கேட்டால் சுற்றி நிற்கும் எல்லோரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பதிலையே தேட ஆரம்பிப்பார்கள். மூன்றாம் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காமல் போகும். மூன்றாம் கேள்விதான் பணத்தைக் காப்பாற்றுவது. கெட்ட லாட் (ஒரே ஓட்டத்தில் வந்த சரக்குத் தொகுதி) எது என்று பத்து நிமிடத்தில் தெரிந்தால் அதைத் தனியாக ஒதுக்கிச் சிவப்பு அட்டை கட்டிவிடலாம். தெரியாவிட்டால் லாரி தென்காசி தாண்டிய பிறகு தேட வேண்டியிருக்கும்.

சரக்கை ஒதுக்கும்போது வெறுமனே ஓரமாக வைத்தால் போதாது. லாட் எண், தேதி, நேரம், "எடுக்கக் கூடாது" என்ற வாசகம், பொறுப்பாளர் கையெழுத்து ஆகிய ஐந்தும் அட்டையில் இருக்க வேண்டும். அடுத்த ஷிப்ட்காரருக்கு நடந்த கதை தெரியாது. ஒதுக்கிய மூட்டையை நல்ல மூட்டை என்று ஏற்றி அனுப்புவது எல்லா ஆலைகளிலும் நடக்கிற விபத்து. அட்டை இல்லாததே பெரும்பாலும் காரணம்.

முதல் பத்து நிமிடத்தில் செய்யக் கூடாத இன்னொன்று: வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு "இது யார் வேலை?" என்று கேட்பது. நாற்பது பேர் பார்க்கிற இடத்தில் ஒருத்தரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற வேலை அது. அழித்தாலும் ஸ்கிரீன்ஷாட் இருக்கும்.

எந்த வகைத் தப்பு?

எல்லாத் தப்புக்கும் "கவனமா இருங்க" என்ற ஒரே மருந்தைக் கொடுப்பவர்கள் அதிகம். அது எந்தத் தப்பையும் தடுப்பதில்லை. வேலையிடத்துத் தப்புகள் நான்கு வகை, நான்குக்கும் வழி வேறு.

கைப்பிசகு என்பது செய்ய நினைத்தது சரி, கை போனது வேறிடம். தீபாவளி வாரத்தில் ஜவுளிக் கடையில் 895 ரூபாய்ச் சேலைக்கு 595 ஸ்டிக்கர் ஒட்டப்படுவது இந்த வகை. ஒட்டியவருக்கு வேலை நன்றாகத் தெரியும். அவரைப் பயிற்சிக்கு அனுப்பிப் பயனில்லை, திட்டியும் பயனில்லை. இரண்டு ஸ்டிக்கர் சுருளும் ஒரே நிறத்தில், ஒரே டப்பாவில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தனவா என்று பாருங்கள். நிறத்தை மாற்றுங்கள், டப்பாவைப் பிரியுங்கள். எத்தனை மணி நேரமாக அவர் நின்றுகொண்டே இருக்கிறார் என்றும் பாருங்கள். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. இருக்கை இருந்தும் உட்கார்ந்தால் முறைக்கிற பொறுப்பாளர் இருந்தால் அந்தச் சட்டத்தால் யாருக்கும் பயனில்லை. காலை ஒன்பது மணி முதல் நின்ற கால் இரவு எட்டு மணிக்குத் தப்பு செய்வதில் ஆச்சரியமில்லை.

மறதி இரண்டாவது. பத்துப் படி உள்ள வேலையில் ஏழாவது படி விட்டுப்போவது. பெரும்பாலும் நடுவில் யாரோ கூப்பிட்டபோது நடக்கும். இதற்குச் சரிபார்ப்புப் பட்டியல் உதவும், ஆனால் அது வேலை செய்யும் இடத்திலேயே, கண்மட்டத்தில் தொங்க வேண்டும். ஏழு வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். நடுவில் கூப்பிடப்பட்டால் விட்ட படியிலிருந்து தொடராமல் மூன்று படி பின்னால் போய்த் தொடங்க வேண்டும் என்பதை வழக்கமாக்குங்கள்.

மூன்றாவது, தெரியாமல் செய்வது. புது ஆள், அல்லது பழைய ஆளுக்குப் புது மெஷின். இது மேற்பார்வையாளரின் கணக்கில் எழுத வேண்டிய தப்பு. "தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் "தெரியும்" என்றுதான் சொல்வார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் தெரியாது என்று யார் சொல்வார்? "எனக்கு ஒருக்கா செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். சொல்லிக் கொடுத்த பிறகும் அதையே கேளுங்கள்.

நான்காவது, தெரிந்தே விதியை மீறுவது. காற்றாலைக் கோபுரத்தில் ஏறும்போது பெல்ட் கொக்கியை மாட்டாமல் ஏறுவது இந்த வகை. இதில் அவசரப்பட்டுத் தண்டிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஒருத்தர் மட்டும் மீறுகிறாரா, எல்லோரும் மீறுகிறார்களா? எல்லோரும் என்றால் விதிக்கும் வேலைக்கும் நடுவே எங்கோ பொருந்தவில்லை. பெல்ட் அளவு சரியில்லையா, கொக்கி துருப்பிடித்து இறுகிவிட்டதா, ஆனி ஆடிக் காற்றில் ஒரு டர்பைன் நின்றால் உற்பத்தி போய்விடும் என்று நீங்களே போனில் அவசரப்படுத்தினீர்களா? இவற்றைச் சரிசெய்த பிறகும் ஒருத்தர் கொக்கி மாட்டாமல் ஏறினால் அன்றே அவரை இறக்கிவிடுங்கள். உயிர் விஷயத்தில் மூன்று வாய்ப்பு, நாலு வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நேற்று வரை பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டு இன்றைக்குத் திடீரென்று தண்டித்தால் மட்டும் அது அநியாயமாகத் தெரியும். அதனால் "இன்னையிலருந்து இப்படித்தான்" என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

ஏன் ஏன் என்று கேட்பது

காரணம் தேட டொயோட்டாவில் பழகிய முறை, ஒரு பதிலுக்கு மேல் மீண்டும் "ஏன்" என்று ஐந்து தடவை வரை கேட்டுப்போவது. கேட்பதற்கு எளிது. எங்கே கெட்டுப்போகிறது என்பதை ஓர் அரிசி ஆலை உதாரணத்தில் பார்க்கலாம்.

புழுங்கல் அரிசி அரவையில் திடீரென்று குருணை (உடைந்த அரிசி) கூடிவிட்டது. அரவை மெஷின்காரர்மேல் எல்லோர் கண்ணும் போகும். ரப்பர் ரோலர் இடைவெளியைத் தப்பாக வைத்தார் என்பார்கள். அங்கேயே நின்றுவிட்டால் அவருக்கு ஒரு திட்டு, நாளைக்கு மறுபடியும் குருணை.

தோண்டிப் பாருங்கள். குருணை ஏன்? அரவைக்கு வரும் முன்பே நெல்மணிக்குள் விரிசல் இருந்தது. (பத்து நெல்மணியைக் கையால் உமி நீக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் குறுக்குக் கோடாகத் தெரியும்.) விரிசல் ஏன்? அவித்த நெல்லை டிரையரில் ஒரே ஓட்டத்தில் 14 சதவீத ஈரம் வரை காய்ச்சிவிட்டார்கள். 18 சதவீதம் வந்ததும் நிறுத்தி, சில மணி நேரம் தொட்டியில் ஆறப்போட்டு, மணிக்குள் ஈரம் சமமான பிறகு மறுபடி காய்ச்சியிருக்க வேண்டும். மேல்புறம் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரம் மிஞ்சியிருந்தால் மணி பிளக்கும். ஏன் ஆறப்போடவில்லை? தொட்டியில் முந்தின லாட் கிடந்தது. அது ஏன் கிடந்தது? ராத்திரி கரண்ட் போய் அரவை நின்றதில் அந்த லாட் முடியவில்லை. அது காலை ஷிப்ட்டுக்கு ஏன் தெரியவில்லை? எழுதி வைக்கும் வழக்கம் இல்லை, ராத்திரிக்காரர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அதோடு, "மதியம் ரெண்டு மணிக்கு லோடு போயாகணும்" என்று டிரையர்காரரை விரட்டியது யார்? போர்மேன்.

இந்தச் சங்கிலியில் திருத்த முடிகிற இடங்கள் மூன்று: தொட்டிப் பக்கத்தில் லாட் எண்ணும் நேரமும் எழுத ஒரு பலகை, ஷிப்ட் மாறும்போது இரண்டு பேரும் கையெழுத்திடும் நோட்டு, லோடு நேரத்தை முதலாளியிடம் ஒப்புக்கொள்ளும் முன் டிரையர்காரரைக் கேட்கும் பழக்கம். எங்கே நிறுத்துவது என்பதற்கு அடையாளம் இதுதான். பதில் ஓர் ஆளின் பெயரில் வந்து முடிந்தால் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள். "அரசாங்கம்", "மின்வாரியம்", "மழை" என்று முடிந்தால் தூரம் போய்விட்டீர்கள். உங்கள் கையால் அடுத்த திங்கட்கிழமைக்குள் மாற்றக்கூடிய ஒன்றில் முடிய வேண்டும்.

இந்த விசாரணையை ஆபீஸ் அறையில் நாற்காலி போட்டு நடத்தாதீர்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுங்கள். "ஏன் செஞ்சீங்க?" என்று கேட்டால் குற்றச்சாட்டாகக் காதில் விழும். "அந்த நேரத்துல என்ன நிலவரம்? என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டால் விவரம் வரும்.

கண்டிக்க வேண்டியிருந்தால்

கண்டிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாக, அன்றைக்கே, ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். நடந்தது, அதனால் வந்த நஷ்டம், இனி என்ன வேண்டும் என்ற மூன்றே சொல்லுங்கள். "காலையில டிரையர்ல ஆறப்போடாம காய்ச்சியிருக்கீங்க. ரெண்டு லோடு குருணையாப் போச்சு. இனிமே தொட்டி காலியில்லன்னா என்னைக் கூப்பிடுங்க, நான் லோடை நிறுத்துதேன்." அவ்வளவுதான். "எப்பவுமே நீங்க இப்படித்தான்" என்ற சொற்கள் வந்த அடுத்த நொடி அவர் இந்தத் தப்பைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, தன் பதினைந்து வருஷ சர்வீஸுக்காக வாதாட ஆரம்பிப்பார்.

எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்பது இங்கே சின்ன விஷயமில்லை. வயதில் மூத்தவரை அண்ணாச்சி, அக்கா, ஐயா. தன் வயதுக்காரரையும் இளையவரையும் பெயர் சொல்லி "வாங்க, போங்க". டீக்கடையில் "ஏல" போட்டுப் பேசும் சேக்காளியாகவே இருந்தாலும் மெஷின் பக்கத்தில், அதுவும் தப்பு நடந்த நேரத்தில், அந்த "ஏல" வேறு மாதிரிக் கேட்கும். பெண் தொழிலாளர்களை "ஏட்டி" என்று அழைப்பதை எந்த வேலையிடத்திலும் அனுமதிக்காதீர்கள்.

தப்பை ஒருத்தரின் சாதியோடும் ஊரோடும் தெருவோடும் முடிச்சுப் போடுவதுதான் இந்தச் சீமையில் ஒரு மேற்பார்வையாளர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். "அந்த ஊர்க்காரனே அப்படித்தான்" என்று ஒரு தடவை உங்கள் வாயிலிருந்து வந்தால் போதும். அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும், யாருக்கு ஓ.டி., யாருக்கு லீவு என்பதைக்கூட, அந்தக் கண்ணாலேயே பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பது நியாயம்தான். பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளரைப் பிறர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மற்றவர்கள் உங்கள் முன்னால் அப்படிப் பேசும்போது சும்மா இருப்பதையும் ஆட்கள் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

சம்பளத்தில் பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நஷ்டத்தை அப்படியே சம்பளத்தில் கழித்துக்கொள்வது பல கடைகளில் வழக்கமாக இருக்கிறது. சட்டம் அப்படி விடவில்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்திலும், அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும், அபராதம் அந்தச் சம்பளக் காலத்தின் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15,000 ரூபாய் சம்பளம் என்றால் 450 ரூபாய். அதுவும் அவரை விளக்கம் கேட்ட பிறகுதான் விதிக்க முடியும், தவணையாகப் பிடிக்க முடியாது, 90 நாள் கழிந்தால் பிடிக்கவே முடியாது. பொருள் நஷ்டத்துக்குக் கழிப்பதென்றால், அந்தப் பொருள் அவர் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், நஷ்டம் அவர் அலட்சியத்தால் நேரடியாக வந்திருக்க வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, பணம் பிடிக்கும் இடத்தில் தப்பு வெளியே வராது, மூட்டைக்கு அடியில் போகும். 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், நன்றாக நடத்தப்படும் நர்சுக் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருப்பதைக் கண்டார். அங்கே தவறை வெளியே சொல்லப் பயமில்லாதது அதற்குக் காரணம் என்று விளக்கினார். உங்கள் நோட்டில் ஆறு மாதமாக ஒரு தப்பும் பதிவாகவில்லை என்றால் சந்தோஷப்படும் முன் யோசியுங்கள்.

நீங்களே தப்பு செய்திருந்தால்

அதே நாளில், அந்தத் தப்பால் பாதிக்கப்பட்டவர்கள் முன்னால் சொல்லுங்கள். "லோடு நேரத்தை உங்களக் கேக்காம ஒத்துக்கிட்டது என் தப்பு. அதனாலதான் அவசரப்பட வேண்டியதாச்சு. இனிமே காலையில உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்." மூன்று வாக்கியம் போதும். நீளமாக வருந்தினால் ஆட்கள் உங்களைச் சமாதானப்படுத்தும் நிலைக்கு வந்துவிடுவார்கள், அது அவர்கள் வேலையில்லை. "ஆனா" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். "என் தப்புதான், ஆனா கரண்ட் போனதால..." என்றால் முதல் பாதி கேட்காததாகிவிடும்.

முதலாளியிடம் கெட்ட செய்தி சொல்வது இதைவிடக் கடினம். வேறு யார் வாய்வழியாகவும் போகும் முன் நீங்களே சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம், பூஜை நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். போனில் ஒரு நிமிடத்தில் ஐந்து விஷயம்: நடந்தது என்ன, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, நிறுத்த என்ன செய்தாயிற்று, அவரிடமிருந்து என்ன வேண்டும், அடுத்து எத்தனை மணிக்குக் கூப்பிடுவீர்கள். கடைசியில் சொன்ன அந்த நேரத்தில், புதுத் தகவல் இல்லாவிட்டாலும், கூப்பிட்டுவிடுங்கள். யார் செய்தது என்று அவர் கேட்டால், "என் ஷிப்ட்ல நடந்துச்சு அண்ணாச்சி, காரணத்தப் பாத்துட்டு நாளைக்குச் சொல்லுதேன்." கீழே இருப்பவர் பெயரை முதல் போனிலேயே கொடுத்துவிட்ட சூப்பர்வைசரின் கதை ஆலை முழுக்கத் தெரிந்துவிடும்.

வாடிக்கையாளரிடம் இன்னும் சுருக்கம்: மாற்றிக் கொடுங்கள், எந்த நேரத்துக்குள் என்று சொல்லுங்கள், உள்ளே நடந்த காரணக் கதையை அவரிடம் விரிக்காதீர்கள்.

புது வழக்கத்துக்கு ஆட்களை இணங்க வைப்பது

மேலே சொன்ன ஷிப்ட் நோட்டையே எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை எல்லோரையும் நிறுத்தி "இனிமே எழுதணும்" என்று அறிவித்தால் இரண்டு வாரம் எழுதுவார்கள். மூன்றாம் வாரம் ஏழு நாளுக்கும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே எண் இருக்கும்.

முதலில் கூட்டத்தை மறந்துவிட்டு மூன்று பேரைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒருவர், மற்றவர்கள் யார் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்களோ அந்த மூத்த கை. ஒருவர், இதனால் வேலை கூடுகிற ஆள். இன்னொருவர், எதையும் முதலில் எதிர்ப்பவர். எதிர்ப்பவரைத் தவிர்ப்பதுதான் பலரும் செய்யும் பிசகு. அவர் கூட்டத்தில் கேட்கப்போகும் கேள்வியை இரண்டு நாள் முன்பே தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டால் திட்டமே அதனால் நல்லதாகும். மூவரிடமும் உங்கள் முடிவைச் சொல்லாமல் பிரச்சினையைச் சொல்லுங்கள். "தொட்டியில என்ன கெடக்குன்னு காலையில தெரிய மாட்டேங்குது. உங்களுக்கு என்ன தோணுது?" மூத்த கை, "எழுதுறதெல்லாம் வேண்டாம், பலகையில சாக்பீஸ்ல போட்டாப் போதும்" என்பார். அது நோட்டை விட நல்ல யோசனையாகவே இருக்கலாம். அவர் சொன்னதாகவே கூட்டத்தில் சொல்லுங்கள். உங்கள் பெயர் வரவேண்டும் என்ற ஆசையை இங்கே விட்டுவிட்டால்தான் காரியம் நடக்கும்.

எண்ணைக் காட்டுங்கள், ஆனால் ஒரே எண். 100 குவிண்டால் நெல் உள்ள லாட்டில் முழு அரிசி நெல் எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் 100 கிலோ போகிறது. "ஒரு லாட்டுக்கு நூறு கிலோ அரிசி குருணையாப் போகுது" என்று சொல்லி அன்றைய விலையால் பெருக்கிக் காட்டினால் எல்லோருக்கும் புரியும். பத்து ஸ்லைடு போட்டால் எதுவும் நிற்காது.

அடுத்து, முழு ஆலைக்கும் போகாமல் ஒரு டிரையரில், ஏழு நாள் மட்டும். "பிடிக்கலன்னா அடுத்த திங்கக்கிழமை விட்டுருவோம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி பயனில்லை என்றால் விட்டும்விடுங்கள். ஏழு நாள் முன், ஏழு நாள் பின் குருணை எவ்வளவு என்று பலகையில் எழுதி வையுங்கள். பக்கத்து டிரையர்காரர் தானாக வந்து கேட்பதற்கு வாய்ப்பு உண்டு. கேட்காவிட்டால், நடத்திக் காட்டியவரையே போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஷிப்ட் முடியும் நேரம், சம்பள நாள், லோடு ஏறும் நேரம் மூன்றும் வேண்டாம். ஷிப்ட் தொடங்கும் முன் நின்றபடியே பத்து நிமிடம் நல்லது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவது, ஊர்க் கோயில் கொடை, அசனம் (தேவாலய விருந்து), ரம்ஜான் ஆகிய நாட்களில் யாருக்கு லீவு வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே நோட்டுப் போட்டு வாங்கி, ஆள் மாற்றி ஏற்பாடு செய்துவிடுங்கள். லீவு கேட்டுக் கெஞ்ச வைக்காதவர் சொன்னால் மற்ற நாளில் இரண்டு மணி நேரம் கூட நின்று வேலை பார்ப்பார்கள். இதை உபகாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். "நான் லீவு தந்தேன்ல" என்று சொல்லிக் காட்டினால் அதோடு போயிற்று.

கீழே இருப்பவர் "நில்லுங்க" என்று சொல்ல முடிகிறதா?

1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட ஓடத் தொடங்கிய கேஎல்எம் விமானத்தில், எதிர் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று பிளைட் என்ஜினியர் கேட்டார். அனுபவமும் பதவியும் மிகுந்த கேப்டன், விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். என்ஜினியர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்தக் காலத்து இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு 1979-இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து, இளையவரின் சந்தேகத்தைக் கேப்டன் கேட்டே ஆக வேண்டிய பயிற்சி முறை வளர்ந்தது.

உங்கள் இடத்தில் இதற்கு ஒரு வழி வகுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தவர் முதலில் கண்டதைச் சொல்ல வேண்டும்: "ஈர மீட்டர் 19 காட்டுது." கேட்கவில்லை என்றால் கவலையைச் சொல்ல வேண்டும்: "இப்ப அரைச்சா உடையும்னு தோணுது." அதற்கும் கேட்கவில்லை என்றால், "நில்லுங்க." மூன்றாவது சொல் வந்தால் யாராக இருந்தாலும் நிறுத்த வேண்டும், பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். நிறுத்தச் சொன்னவர் கணிப்பு தப்பாகவே இருந்தாலும், "நிறுத்தினது சரிதான், பாத்துக்கிட்டோம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். பாராட்டு மட்டும் நாலு பேர் முன்னால் இருக்கட்டும். முக்கியமான உத்தரவுகளை வாங்கியவர் திருப்பிச் சொல்லும் வழக்கத்தையும் கொண்டுவாருங்கள். "சரி அண்ணாச்சி" என்பது புரிந்ததற்கு அடையாளமில்லை. "நாலாம் தொட்டி, பதினெட்டுல நிறுத்தணும்" என்று திரும்பி வந்தால்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதே ஆள், அதே தப்பு, மூன்றாம் தடவை

உடனே மெமோ எழுதாதீர்கள். முதலில் கண்ணைப் பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. மீட்டரில் 13-ஐ 18 என்று வாசிப்பவர் கவனக்குறைவானவராக இருக்க வேண்டியதில்லை, கண்ணாடி தேவைப்படுபவராக இருக்கலாம். கண்ணாடி வேண்டும் என்று ஒத்துக்கொள்ள வெட்கப்படுவார்கள். "எல்லாருக்கும் ஒருக்கா கண்ணு பாத்துருவோம்" என்று மொத்தமாக ஏற்பாடு செய்யுங்கள். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, ஒரு காலைப் பொழுது போதும். அடுத்து தூக்கம், குடி, வீட்டு நிலவரம். இதைத் தனியாக, "உடம்புக்கு எதுவும் சுகமில்லையா?" என்று தொடங்கிக் கேளுங்கள். மூன்றாவதாக, வேலையை மாற்றிப் பாருங்கள். எண் வாசிக்கும் வேலையில் திணறுபவர் லோடு ஏற்றும் இடத்தில் கெட்டிக்காரராக இருக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் மாறவில்லை என்றால்தான் காகிதம். மெமோவில் தேதி, நேரம், இடம், நடந்தது, எந்த விதி என்பவை மட்டும் இருக்கட்டும். "பொறுப்பில்லாத", "திமிரான" போன்ற சொற்கள் வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள், வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஓர் ஆளை வைத்து வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் எழுத நாள் கொடுங்கள், எத்தனை நாள் என்பது உங்கள் நிறுவனத்தின் நிலையாணையில் (வேலை விதிகளை எழுதி வைத்த ஆவணத்தில்) இருந்தால் அதன்படி. பதில் வருவதற்கு முன் தண்டனையை யாரிடமும் பேசாதீர்கள். தண்டனையை முதலில் முடிவு செய்துவிட்டுக் கேட்ட விளக்கம் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்காது. அவர் பதிலைக் கொண்டுவந்து தந்ததும், பெற்றுக்கொண்டதாக ஒரு பிரதியில் தேதியோடு கையெழுத்திட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.